மடலுக்குப் பின்னே வரும் பதினொரு கதைகள்

1705-ல் பஞ்சாபின் தீனா கிராமத்திலிருந்து குரு கோவிந்த் சிங் பேரரசர் ஔரங்கசீப்புக்குப் பாரசீகச் செய்யுளில் ஒரு மடல் எழுதினார். குர்ஆன் மீது செய்த சத்தியத்தை மீறியவர்களை நேருக்கு நேர் கேள்வி கேட்கும் அந்த மடல்தான் ஜஃபர்நாமா. சீக்கியர்களின் தசம் கிரந்தத்தில் அது முடிந்த கையோடு, அதே பாரசீகத்தில் பதினொரு கதைகள் தொடர்கின்றன. ஹிகாயத் என்று இவற்றுக்குப் பெயர். மடலையே முதலாவதாகக் கொண்டு, கதைகளுக்கு இரண்டு முதல் பன்னிரண்டு வரை எண் இடுவார்கள். நான்கு பிள்ளைகளையும் பறிகொடுத்த தந்தையின் அறச்சீற்றத்தைத் தொடரும் கதைகளில், காதலுக்காகக் கணவனின் தலையைக் கொய்யும் ஒரு காஜியின் (இஸ்லாமிய நீதிபதியின்) மனைவியைப் பற்றிய கதையும் இருக்கிறது. இந்தக் கதைகளையும் குருவே எழுதினாரா, அவருடைய அவைப் புலவர் எழுதினாரா என்ற வழக்கு இன்னும் ஓயவில்லை. சான்றுகள் அவைப் புலவர் பக்கமே சாய்கின்றன என்பது என் கருத்து. ஆனால் அந்த முடிவுக்குப் பலர் வந்து சேரும் வழியை என்னால் ஏற்க முடியவில்லை.

‘இவ்வளவு கொச்சையான கதைகளை ஒரு குரு எழுதியிருப்பாரா?’ என்பதே அவர்களுடைய முதல் வாதம். இது நம் ரசனையைப் பற்றிச் சொல்லுமே தவிர, 17-ஆம் நூற்றாண்டு அரசவையைப் பற்றி ஒன்றும் சொல்லாது. பெண்களின் சூழ்ச்சியைச் சொல்லி மன்னனை எச்சரிக்கும் கதைகள் அன்றைய அவைகளில் அறிவுரை இலக்கியமாகவே இருந்தன. சமஸ்கிருத சுகசப்ததியிலிருந்து நக்ஷபி 14-ஆம் நூற்றாண்டில் பாரசீகத்தில் ஆக்கிய தூத்திநாமா அந்த வகைதான். தசம் கிரந்தத்திலேயே உள்ள சரித்ரோபாக்யானும் அப்படித்தான். சிற்றன்னை சுமத்திய பொய்ப் பழியால் சாவை எதிர்நோக்கும் இளவரசனைக் காப்பாற்ற, அமைச்சர் அரசனுக்குக் கதை மேல் கதையாகச் சொல்கிறார். தவிர, ஹிகாயத்கள் எல்லாமே இந்த ரகமும் அல்ல. ஒரு கதையில் ஓர் அரசன் தன் பிள்ளைகளுக்கு யானைகளையும் குதிரைகளையும் ஒட்டகங்களையும் பகிர்ந்து கொடுத்துவிட்டு, ஒருவனுக்கு மட்டும் ஒரு பச்சைப்பயறும் அரைக் கடலையும் தருகிறான். அவன் அதை மண்ணில் விதைத்து, விளைந்ததை மீண்டும் விதைத்து, பெருஞ்செல்வம் சேர்த்து அரசுரிமை பெறுகிறான். ஆட்சி என்பது பெற்றதைப் பெருக்குவது என்று இதைவிட அழகாக எப்படிச் சொல்வது!

எனவே ஒழுக்கத்தை ஒதுக்கிவிட்டு ஏட்டைப் பார்ப்போம். மடல் ‘நான்’ என்று பேசுகிறது. சம்கௌர் போரில் பசித்த நாற்பது பேர் பெரும்படையை எப்படி எதிர்கொள்வது என்று கேட்கிறது. ஃபிர்தௌசியைப் பெயர் சொல்லி மேற்கோள் காட்டுகிறது. கதைகளிலோ அந்தப் போர் இல்லை, அந்தச் சத்தியம் இல்லை. அவை கடவுள் வாழ்த்தோடு தொடங்கி, மது ஊற்றும் சாகியிடம் கிண்ணம் கேட்டு முடிகின்றன; இது பாரசீகக் கவிஞர்களின் கைப்பழக்கம். கதைகளில் பல, 1696-ல் சட்லஜ் கரையில் நிறைவுற்றதாகத் தானே சொல்லிக்கொள்ளும் சரித்ரோபாக்யானில் வேறு மொழியில் ஏற்கெனவே இருப்பவை. மடலுக்கு அவை ஏறத்தாழ ஒன்பது ஆண்டு மூத்தவை. கையில் இருந்த பிரஜ் மொழிக் கதைகளைப் பாரசீகம் தெரிந்த ஒருவர் மசனவி யாப்பில் திருப்பிச் சொல்லியிருக்கிறார் என்றே எனக்குப் படுகிறது. மொழியும் யாப்பும் ஒன்றாக இருந்ததால் ஏடு எழுதியவர் மடலை அடுத்து இவற்றை வைத்திருக்கலாம். அப்படிப்பட்ட புலவர்கள் அங்கே இருந்தார்கள். குருவின் அவையில் 52 கவிஞர்கள் இருந்ததாக மரபு சொல்கிறது. பாரசீகத்தில் கவிதை எழுதிய பாய் நந்த்லால் அந்த வட்டத்தைச் சேர்ந்தவர்.

மடலின் பகுதியாகவே, ஔரங்கசீப்புக்குப் புத்தி சொல்லத்தான் இவை அனுப்பப்பட்டன என்பது மறுதரப்பின் வலுவான வாதம். பேரரசருக்கு நீதி சொல்ல நினைத்தவர் எந்தக் கதை எந்த நீதிக்கு என்று ஓரிடத்திலாவது முடிச்சுப் போட்டிருப்பார். அந்த முடிச்சைக் காணவில்லை. ‘பழைய ஏடுகளில் இவை சேர்ந்தே உள்ளனவே’ என்பார்கள். சேர்ந்திருப்பது தொகுத்தவரின் முடிவைக் காட்டும், எழுதியவரைக் காட்டாது. 1890-களில் அமிர்தசரஸில் கூடிய ஆய்வுக் குழு 32 ஏடுகளை ஒப்பிட்டுப் பார்த்துத்தான் இன்றைய 1428 பக்கப் பதிப்புக்கு வழிவகுத்தது. ஏடுகள் எல்லாம் ஒன்றுபோல் இருந்திருந்தால் அந்த வேலைக்கே தேவை வந்திராது. ‘இன்று ஹிகாயத், நாளை ஜாப் சாஹிப்பையும் மறுப்பீர்கள்’ என்ற அச்சம் எனக்குப் புரிகிறது. அம்ருத் எடுக்கும் சீக்கிய தீட்சைச் சடங்கிலேயே ஓதப்படும் பாடல் அது. ஆனால் ஒவ்வொரு படைப்பையும் தனித்தனியே எடை போட்டால் அந்த அச்சத்துக்கு இடமில்லை. முழுத் தொகுப்பையும் தூக்கி எறியச் சொல்பவர்களும் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும்: சீக்கியர்கள் அன்றாடம் ஓதும் பேந்தி சௌபாய், இந்த மறுப்பாளர்கள் வெறுக்கும் அதே சரித்ரோபாக்யானின் இறுதியில்தான் இருக்கிறது.

என்னை வருத்துவது, இந்தக் கேள்வியைக் கேட்பதே துரோகமாகிவிட்டதுதான். 1959-ல் தரம்பால் அஷ்டா குருவே ஆசிரியர் என்று எழுதினார். அடுத்த சில ஆண்டுகளில் ரத்தன் சிங் ஜக்கி தொகுப்பின் பெரும்பகுதியை மறுத்து எழுதினார். இருவரும் ஏட்டைப் படித்துத்தான் வாதிட்டார்கள். 2010-ல் தசம் கிரந்தச் சர்ச்சையில் சீக்கியர்களின் உச்ச அதிகார பீடமான அகால் தக்தின் முன்னாள் தலைவர் (ஜத்தேதார்) பேராசிரியர் தர்சன் சிங்கே சமயத்திலிருந்து விலக்கப்பட்டார். தண்டனையால் தீரும் கேள்வி அல்ல இது; ஏட்டைச் சரியாகப் படிப்பதால்தான் தீரும். பாரசீகத்தில் ‘ஸ’வின் அதிர்வொலியான ‘z’-க்கு மட்டும் நான்கு எழுத்துகள் உண்டு; பஞ்சாபியின் குர்முகி எழுத்தில் எழுதியவர்கள் அவை எல்லாவற்றையும் ஒரே எழுத்தில் அடக்கினார்கள். சொல் சிதைந்த இடங்களைப் பாரசீகம் அறிந்தவரும் குர்முகி ஏடு அறிந்தவரும் சேர்ந்து உட்கார்ந்து சீர்செய்த பதிப்பு ஒன்று வேண்டும். பல்கலைக்கழகங்களும் சிரோமணி குருத்வாரா கமிட்டியும் அதற்கு முன்வர வேண்டும். புலவர் எழுதியது என்று முடிவானால் அந்தக் கதைகளுக்கு இழுக்கு ஏதும் இல்லை. 1945-ல் இறுதி செய்யப்பட்ட சீக்கிய நடத்தை நெறி, குருமார்களின் வாக்கோடு பாய் குர்தாஸ், பாய் நந்த்லால் பாடல்களையும் சங்கத்தில் கீர்த்தனையாகப் பாட இடம் தருகிறது. அவர்கள் இருவருமே குருமார் அல்லர்.