கெட்டிப் பூச்சு ஓதத்தை விரட்டாது

ஓதம் ஏறிய சுவருக்கு நம் ஊரில் ஒரே வைத்தியம்தான். பழைய பூச்சைக் கொத்தி எறிவார்கள், ஒன்றுக்கு மூன்று சிமென்ட் கலவையில் வாட்டர்ப்ரூஃப் பவுடரைப் போட்டு அழுத்திப் பூசுவார்கள். பெர்லைட், வெர்மிகுலைட், சுட்டு ஊதிய களிமண் மணிகள் என்று எடை குறைந்த பொருள் சேர்ந்த பூச்சைப் பற்றிப் பேசினால், கொத்தனாரும் இன்ஜினியரும் ஒரே குரலில் மறுக்கிறார்கள்: "உள்ளே பூரா ஓட்டை சார், தண்ணியைக் குடிச்சிடும்." இந்த நம்பிக்கை தவறு. நல்ல வீடுகளைக் கெடுத்துக்கொண்டிருக்கும் தவறு.

எவ்வளவு துளை இருக்கிறது என்பதை மட்டும் வைத்து ஈரத்தைக் கணிக்க முடியாது. துளை எவ்வளவு பொடியானது, ஒன்றோடொன்று தொடர்ந்து போகிறதா என்று பார்க்க வேண்டும். 1 மி.மீ. விட்டமுள்ள குழலில் தண்ணீர் தானாக ஏறுவது சுமார் 3 செ.மீ. விட்டம் 0.01 மி.மீ. ஆனால் கணக்குப்படி 3 மீட்டர். சிமென்ட் பசையின் நுண்துளைகள் இதைவிடவும் பொடியானவை. எடை குறைந்த மணிகளுக்குள் இருப்பவையோ பெரும்பாலும் பெரிய அறைகள். இழுக்கும் வலு பசைக்குத்தான் அதிகம் என்பதால், ஊறவைத்த மணியிலுள்ள தண்ணீர், கலவை இறுக இறுக மெல்லப் பசைக்குள் போகிறது. மேலே தெளிக்கும் தண்ணீர் எட்டாத ஆழத்திலும் சிமென்ட் நன்றாக இறுகுகிறது, மயிர்க்கீறல் குறைகிறது.

நம் மொட்டைமாடித் தளத்துக்குச் சுண்ணாம்போடு செங்கல் ஜல்லி போட்டவர்கள், ஜல்லியை ஊறவைத்த பிறகே கலவையில் சேர்த்தார்கள். கருங்கல்லைவிட எடை குறைந்த, நீர் உறிஞ்சும் ஜல்லி அது. அந்தத் தளங்கள் எத்தனை மழையைத் தாங்கின என்பதைப் பழைய வீட்டில் வாழ்ந்தவர்களிடம் கேட்டால் தெரியும்.

கெட்டிப் பூச்சு என்ன செய்கிறது என்று அருகில் போய்ப் பாருங்கள். சிமென்ட் கூடின கலவை சுருங்கும், வலைபோல் வெடிக்கும். வெடிப்பு வழியே மழைநீர் உள்ளே போகும், வெளியேற வழி இருக்காது. தரையிலிருந்து ஏறும் ஈரமும் முன்பு ஆவியாகிப் போன இடம் அடைபட்டதால் இன்னும் மேலே ஏறும். புதுப் பூச்சு முடிந்த கோட்டுக்கு மேலே, அதுவரை காய்ந்திருந்த சுவரில் பெயின்ட் கொப்பளிக்கும். பூச்சைத் தட்டினால் உள்ளீடற்ற சத்தம் வரும். உரித்தால் பின்பக்கம் முழுக்க வெள்ளை உப்பு.

ஜெர்மனியில் பழைய கட்டடச் சீரமைப்புக்கு விதி வகுக்கும் டபிள்யூ.டி.ஏ. அமைப்பு, உப்பும் ஈரமும் ஏறிய சுவருக்கான பூச்சு இறுகிய பின் 40 விழுக்காட்டுக்கு மேல் துளையோடு இருக்க வேண்டும் என்கிறது. ஈரச் சுவருக்கென்றே இவ்வளவு துளை! தண்ணீரை ஈர்க்காதபடி தயாரித்த அந்தப் பூச்சில் ஈரம் ஆவியாகப் போய்விடும், உப்பு அந்த இடைவெளிகளில் தங்கிவிடும், பூச்சு பெயராது.

எதிர்ப்பவர்கள் காட்டும் சோதனை ஒன்று உண்டு. பூச்சுத் துண்டை வாளியில் முக்கி எடுத்து எடை போடுவார்கள். எடை குறைந்த கலவை கூடுதலாகக் குடிக்கும், அது உண்மைதான். ஆனால் குடித்தது எப்போது வெளியே போனது என்று யாரும் எடை போடுவதில்லை. வீட்டுச் சுவர் வாளிக்குள் நிற்பதும் இல்லை.

தண்ணீர்த் தொட்டிக்கும், நிலத்தடி நீர் அழுத்தும் அடித்தளச் சுவருக்கும் இந்தப் பூச்சைப் பரிந்துரைக்க மாட்டேன். உறிஞ்சும் மணியைக் காய்ந்தபடியே போட்டால் கலவையின் தண்ணீரை அதுவே இழுத்துக்கொள்ளும், கரண்டி ஓடாது. எவ்வளவு உறிஞ்சும் என்று பார்த்துத்தான் தண்ணீர் அளக்க வேண்டும். மேலே எனாமல் பெயின்ட் அடித்தால் செய்த வேலை முழுதும் வீண், சுண்ணாம்போ ஆவியை விடும் வேறு பெயின்டோதான் அடிக்க வேண்டும். அதற்கும் முன்னால், ஒழுகும் குழாயையும் அஸ்திவாரத்தின் மேல் போடாமல் விட்ட ஈரத்தடுப்புப் படலத்தையும் கவனியுங்கள். எந்தப் பூச்சும் அவற்றுக்கு ஈடாகாது.