கையெழுத்து வைக்குமுன் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்

1977 கலவரத்துக்குப் பின் வன்னியில் குடியேறிய நம் உறவுகளுக்கு வற்றாப்பளை அம்மனை நன்றாகத் தெரியும். சிலம்பு திருடினான் என்று ஒருவன் சொன்னதும் விசாரிக்காமலே கோவலனை வெட்டினார்கள். அந்த அநியாயத்தைத் தட்டிக் கேட்ட கண்ணகிக்குத்தான் அங்கே வைகாசிப் பொங்கல்.

2023 மே மாதம், பதுளையிலிருந்து கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போன நம் பெண் ஒருவரை நகை திருட்டு முறைப்பாட்டில் வெலிக்கடைப் பொலிஸார் பிடித்தார்கள். பொலிஸ் காவலிலேயே அவர் இறந்தார். அதே ஆண்டு நவம்பரில், வட்டுக்கோட்டைப் பொலிஸார் திருட்டுச் சந்தேகத்தில் பிடித்த இளைஞரும் இறந்தார். தன்னை எப்படி வதைத்தார்கள் என்று அவர் சொல்லும் காணொளியை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

"கூப்பிட்டால் போ, காட்டின இடத்தில் கையெழுத்து வை." லயத்தில் நம் பிள்ளைகளுக்கு இதைத்தான் சொல்லி வளர்க்கிறோம். இது மாற வேண்டும். கைது செய்தால் காரணத்தைச் சொல்ல வேண்டும் என்பது அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரை. பயண நேரம் போக, 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும். (பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடித்தால் இந்தக் கணக்கு செல்லாது. அந்தச் சட்டத்தை நாம் எதிர்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.) வாக்குமூலத்தை வாசித்துக் காட்ட வேண்டும்; சிங்களத்தில் எழுதியிருந்தால் விளங்கும் மொழியில் விளக்க வேண்டும்; திருத்தவும் சேர்க்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. விளங்காத தாளில் கையெழுத்து வேண்டாம். சாதாரண வழக்கில் பொலிஸாரிடம் கொடுத்த குற்ற ஒப்புதல் நீதிமன்றத்தில் உங்களுக்கு எதிராகச் செல்லாது. ஆனால் அதை வாங்குவதற்காகத்தான் அடி விழுகிறது.

அடித்தால் நீதவானிடம் வாய் திறந்து சொல்லுங்கள். சட்ட வைத்திய அதிகாரியிடம் காட்டச் சொல்லிக் கேளுங்கள். அடிப்படை உரிமை மனுவை ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் போட வேண்டும். கொழும்புக்குப் போக வசதியில்லாத குடும்பம், அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடமாவது முறைப்பாடு கொடுக்கட்டும். ஆணைக்குழு விசாரிக்கும் காலம் அந்த ஒரு மாதத்தில் சேராது. அவசர இலக்கம் 1996.

நம் தலைவர்மாருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பொலிஸ் நிலையத்துக்குப் போய் "பெரிசுபடுத்தாதீங்க" என்று சமாதானம் பேசி வருவது சங்க வேலை அல்ல. 2012 விதிகளின்படி சட்டத்தரணி பொலிஸ் நிலையத்துக்கு வந்து தன் கட்சிக்காரருக்காகப் பேசலாம். ஒவ்வொரு தோட்டக் கமிட்டியிடமும் ஒரு சட்டத்தரணியின் தொலைபேசி இலக்கம் இருக்க வேண்டும். வேலைக்காக ஊரை விட்டுப் போகும் ஒவ்வொரு பெண்ணின் கையிலும் அதை எழுதிக் கொடுத்து அனுப்புங்கள்.