ஒரு பந்து, அஞ்சு பேரு: என் கனவு அணியின் ஜாதகம்

கூடைப்பந்து பைத்தியங்கள் எட்டுப் பேர் சேர்ந்து, என்.பி.ஏ. சரித்திரத்துல இருந்து ஆளுக்கு எட்டு வீரர்களைப் பங்கு பிரிச்சுக்கிட்டோம். விதிமுறை சிம்பிள். ஒவ்வொரு வீரரும் அவரவர் உச்சத்துல இருக்கார்னு வச்சுக்கணும். ஆட்டம் இன்னைய விதிகள்படி. முதல் சுற்றுல கடைசியா எடுத்தவர், ரெண்டாம் சுற்றுல முதல்ல எடுப்பார். எனக்கு வாய்ச்சது ஏழாவது இடம். ஜோர்டான், லெப்ரான், கரீம், மேஜிக், பேர்ட், கரி எல்லாம் என் முறை வர்றதுக்குள்ள காலி.

ஏழாவதா ஹக்கீம் ஒலாஜுவானைச் சொன்னேன். யாரும் வாயைத் திறக்கலை. எனக்கு அடுத்த ஆசாமி டங்கனையும் ஷகீலையும் சேர்த்து அள்ளிட்டுப் போனார். பத்தாவதா நான் கெவின் கார்னெட்னு சொன்னதும் ஒரே சிரிப்பு. கோபி பிரையன்ட் சும்மா உட்கார்ந்திருக்கார், வில்ட் சேம்பர்லினும் இருக்கார், இவனுக்கு என்ன ஆச்சுன்னு :-)

அதுக்கப்புறம் ஸ்காட்டி பிப்பன், ஜான் ஸ்டாக்டன், ரெஜ்ஜி மில்லர். பெஞ்சுக்கு மனு ஜினோபிலி, டென்னிஸ் ராட்மன், சான்சி பிலப்ஸ். 'இதுல ஹீரோவே இல்லையே' என்பது ஏகமனதான தீர்ப்பு. இல்லைதாங்க. வேணும்னே அப்படி எடுத்த அணி இது.

ஏன்னு கேட்டா, 2004-ம் வருஷத்தைக் கொஞ்சம் திரும்பிப் பாருங்க. ஷகீல், கோபி, கார்ல் மலோன், கேரி பேட்டன்னு நாலு ஜாம்பவான்களோட லேக்கர்ஸ் இறுதிச் சுற்றுக்கு வந்தாங்க. எதிர்ல டெட்ராய்ட் பிஸ்டன்ஸ். முடிவு 4-1, டெட்ராய்டுக்கு. மூணாவது ஆட்டத்துல லேக்கர்ஸ் எடுத்தது வெறும் 68 புள்ளி. மலோனுக்கு முழங்கால் அடி, ஒத்துக்கறேன். ஆனா அது மட்டும் காரணம்னா நாலு தோல்வி கணக்குக்கு வராது. அதே வருஷம் ஏதென்ஸ் ஒலிம்பிக்ஸ். டங்கன், ஐவர்சன், இளம் லெப்ரான் எல்லாம் இருந்த அமெரிக்கா மூணு ஆட்டம் தோத்து வெண்கலத்தோட திரும்பிச்சு. அரையிறுதியில 89-81-னு மடக்கினது அர்ஜென்டினா. அதுல 29 புள்ளி அடிச்சது என் பெஞ்சுல உட்கார்ந்திருக்கற ஜினோபிலி.

கோபியை நான் குறைச்சுச் சொல்லலை. 2006-ல ஒரே ஆட்டத்துல 81 அடிச்ச மனுஷன். ஆனா இருக்கறது ஒரு பந்து, 24 விநாடி. அதுக்குள்ள ஹக்கீம் கூடைக்குக் கீழ நின்னு பந்து கேட்பார். கூடவே கோபியும் கேட்டா ஒருத்தர் வேடிக்கைதான் பார்க்கணும். கார்னெட் பந்து இல்லாமலே ஆட்டத்தை மாத்துவார். எம்.வி.பி. வாங்கின 2003-04 சீசன்ல ஆட்டத்துக்கு 24.2 புள்ளி, 13.9 ரீபவுண்டு, 5 அசிஸ்ட். இதுல எதுக்கும் அடுத்தவன் கையைக் கட்டிப்போட வேண்டியதில்லை.

இப்ப டிஃபென்ஸ். சீசன் முடிவுல அறிவிக்கற சிறந்த டிஃபென்ஸ் அணிகள்ல கார்னெட் 12 தடவை, பிப்பன் 10, ஹக்கீம் 9, ஸ்டாக்டன் 5. ஸ்டாக்டனோட 3,265 ஸ்டீலும் ஹக்கீமோட 3,830 பிளாக்கும் இன்னும் யாரும் தொடாத சாதனைகள். 2,000 பிளாக், 2,000 ஸ்டீல் ரெண்டையும் தாண்டினவர் ஹக்கீம் ஒருத்தர்தான். லாகோஸ்ல சின்ன வயசுல ஹேண்ட்பாலும், ஃபுட்பால்ல கோல்கீப்பிங்கும் பண்ணின காலு அது. ஏழடி உயரத்துக்கு அப்படி ஒரு நகர்வு வேற யார்கிட்டயும் பார்த்ததில்லை.

இது ஏன் முக்கியம்னா, இன்னைய ஆட்டமே ஆள் மாத்தறதுதான். கரி ஸ்க்ரீனைச் சுத்தி வெளிய வருவார். நம்ம பெரிய ஆள் பின்னாடியே நின்னா மூணு புள்ளி, முன்னாடி வந்தா ஓரமா பூந்துடுவார். ஹக்கீம், கார்னெட், பிப்பன் மூணு பேரும் யார் யாரை வேணும்னாலும் மாத்திப் பிடிக்கலாம். ஓட்டை ஆறடி ஒரு அங்குல ஸ்டாக்டன்தான். எதிராளி அவரைத் தேடித் தேடி இழுப்பான். அப்பதான் பிலப்ஸ் உள்ள வர்றார். உடம்பும் கொஞ்சம் பெருசு, 2004 இறுதிச் சுற்றோட எம்.வி.பி.-யும் அவர்தான்.

அட்டாக் எப்படி? ஸ்டாக்டனும் கார்னெட்டும் பிக் அண்ட் ரோல், ஹக்கீம் எதிர்ப்பக்கம். மில்லர் நிக்கவே கூடாது, ஸ்க்ரீன் ஸ்க்ரீனா ஓடிக்கிட்டே இருக்கணும். மூணு புள்ளி ஷாட்ல மில்லர் 39.5 சதம், ஸ்டாக்டன் 38.4. அவங்க ரெண்டு பேரையும் விட்டுட்டு ஹக்கீம் மேல ரெண்டு ஆள் போட்டா, செலவு எதிராளிக்கு.

பலவீனம் இல்லாமலா? இருக்கு. பிப்பன் தூரத்துல இருந்து அடிக்கறதை எதிரணி பெருசா கவலைப்படாது. ராட்மனும் கூட இறங்கிட்டா ரெண்டு பேரையும் அம்போன்னு விட்டுட்டு உள்ள நெரிசல் பண்ணிடுவாங்க. அதனால 1992 முதல் 1998 வரை தொடர்ந்து ஏழு சீசன் ரீபவுண்டுல முதலிடம் பிடிச்சவரா இருந்தாலும், ராட்மன் பிப்பனுக்கு ஓய்வு கொடுக்கற நேரத்துல மட்டும்தான் இறங்குவார். ஜினோபிலி கூட வருவார், பந்து அவர் கையில.

'கடைசி நிமிஷத்துல யாரு?' இதுதான் எல்லாரும் கேட்ட கேள்வி. 1995-ல நியூயார்க்ல ஒன்பது விநாடிக்குள்ள எட்டுப் புள்ளி அடிச்சு ஆட்டத்தைப் பிடுங்கினவர் மில்லர். 1997-ல கடைசி நொடியில மூணு புள்ளி போட்டு யூட்டாவை முதல் தடவையா இறுதிச் சுற்றுக்கு அனுப்பினவர் ஸ்டாக்டன். தமாஷ் என்னன்னா, அன்னைக்கு தோத்து வெளிய போனது ஹக்கீமோட ஹூஸ்டன் :-) அந்த ஹக்கீம் 1994 இறுதிச் சுற்றோட ஆறாவது ஆட்டத்துல ஸ்டார்க்ஸோட கடைசி ஷாட்டை விரல் நுனியால தட்டி 86-84-னு காப்பாத்தினவர். கடைசி நிமிஷத்துல கூடையில போடறவன் மட்டுமா ஹீரோ? போட விடாதவனும்தானே!

புள்ளியை மட்டும் கூட்டிக் கூட்டி வீரனை எடை போடற பழக்கம் நம்ம எல்லார்கிட்டயும் இருக்கு. ஸ்க்ரீன் போட்டவன், பாஸ் போட்டவன், அடுத்தவன் ஓட்டையை அடைக்க ஓடினவன் பேரெல்லாம் காணாமப் போயிடுது. என் அணி அவங்களுக்கான அணி. கார்னெட்டைத் தூக்கிட்டு கோபியைப் போடுன்னு சொல்றவங்க தாராளமா பின்னூட்டத்துல வந்து மல்லுக்கு நிக்கலாம். ஒரே ஒரு நிபந்தனை: யார் கையில இருந்து பந்தைப் பிடுங்கி அவருக்குக் கொடுக்கப் போறீங்கன்னு சொல்லிட்டு ஆரம்பிங்க.