சத்தம் வரவில்லை என்பதற்காகக் கொம்பியூட்டரை மூலையில் போடாதீர்கள்



கல்குடாத் தொகுதியின் பெற்றோர்கள், பழைய மாணவர்கள், பள்ளிவாசல் நிருவாகிகள், கொம்பியூட்டர் திருத்தும் கடை வைத்திருக்கும் தம்பிமார் எல்லோரும் இதைக் கொஞ்சம் பொறுமையாக வாசிக்க வேண்டும். பதிவு நீளம்தான். ஆனால் எமது பிள்ளைகளின் விடயம்.

2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கு வழங்கி வந்த வழமையான இலவச ஆதரவை மைக்ரோசொஃப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 போட வேண்டுமென்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை புரொசசராவது வேண்டும். ஓட்டமாவடி, வாழைச்சேனை, மீராவோடை, காவத்தமுனை, தியாவட்டவான் என்று எந்தப் பாடசாலையை எடுத்தாலும் பழைய மெஷின்கள் இருக்கும். அவற்றில் பலவற்றுக்கு அந்தத் தகுதி இல்லை. ஆகவே "இனி இது சரிவராது, ஒதுக்குவோம்" என்ற பேச்சு வரத் தொடங்கிவிட்டது.

எங்கள் கருத்து, ஒதுக்க வேண்டாம் என்பதுதான். லினக்ஸ் போடுங்கள். லினக்ஸ் மின்ட் 22 பதிப்பு 2024இல் வந்தது, 2029 வரை அதற்கு ஆதரவு உண்டு. 4 ஜிபி ரேம் இருந்தால் எழுத்து வேலை, இணையம், வீடியோப் பாடம் எல்லாவற்றுக்கும் போதும். ஒரு சதமும் கட்டத் தேவையில்லை.

இதைச் சொன்னவுடன் வரும் பதில் எங்களுக்குத் தெரியும். "லினக்ஸ் போட்டோம் சேர், சத்தம் வரல்ல. திரும்ப விண்டோஸே போட்டுட்டோம்."

எமது ஊரில் லினக்ஸ் தோற்றுப்போவது இந்த ஒரு இடத்தில்தான். திரை வருகிறது, இணையம் வருகிறது, பிரின்டரும் ஓரளவு வருகிறது. ஆனால் யூடியூபில் பாடத்தைப் போட்டால் ஸ்பீக்கர் ஊமை. அதோடு பிள்ளையின் மனதிலும் பெற்றோரின் மனதிலும் "இது பழுதான சாமான்" என்று பதிந்துவிடுகிறது. கடைக்காரத் தம்பியும் நேரமில்லாமல் கிரெக் பண்ணிய விண்டோஸைப் போட்டுக் கொடுத்துவிடுகிறார்.

சத்தம் என்பது சின்ன விடயமல்ல. சிங்களத்தை எமது பிள்ளைகள் புத்தகத்தில் மட்டும்தான் காண்கிறார்கள். காதால் கேட்காமல் ஒரு மொழி எப்படி நாவில் வரும்? ஆங்கிலமும் அப்படித்தான். குர்ஆன் மத்ரஸாப் பிள்ளை நல்ல காரியின் ஓதலைக் கேட்டு மக்ரஜைத் திருத்த வேண்டும். பார்வைக் குறைபாடுள்ள பிள்ளைக்கோ சத்தம்தான் திரை. லினக்ஸில் ஓர்கா என்ற திரைவாசிப்பான் இலவசமாகவே கிடைக்கிறது. ஈஸ்பீக் என்ஜி தமிழையும் வாசிக்கும். குரல் இயந்திரக் குரல்தான், ஆனாலும் வாசிக்கிறது. சவுண்ட் கார்ட் வேலை செய்யாவிட்டால் அந்தப் பிள்ளைக்கு அது வெறும் பெட்டி.

சரி, ஏன் சத்தம் வருவதில்லை? பெரும்பாலும் எதுவும் பழுதாகியிருப்பதில்லை. கீழுள்ளவற்றை ஒழுங்காகப் பாருங்கள்.

1. சத்தம் வேறு வழியால் போய்க்கொண்டிருக்கும். எச்டிஎம்ஐ வயரில் மொனிட்டர் இணைத்திருந்தால், லினக்ஸ் அந்த மொனிட்டருக்குச் சத்தத்தை அனுப்பும். மொனிட்டரில் ஸ்பீக்கர் இருக்காது. சவுண்ட் செட்டிங்கில் அவுட்புட் என்ற இடத்துக்குப் போய் எச்டிஎம்ஐயை விட்டு அனலொக்கைத் தெரிவு செய்யுங்கள். பாதிப் பிரச்சினை இத்தோடு முடியும்.

2. மியூட்டில் இருக்கும். டெர்மினலைத் திறந்து அல்சாமிக்சர் என்று ஆங்கிலச் சிறிய எழுத்தில், இடைவெளியில்லாமல் அடியுங்கள். எஃப்6 பட்டனை அழுத்தி உங்கள் சவுண்ட் கார்டைத் தெரிவு செய்யுங்கள். மாஸ்டர், ஸ்பீக்கர், ஹெட்போன் என்ற கம்பங்களின் கீழே எம்எம் என்று இருந்தால் வாய் கட்டப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். எம் பட்டனை ஒருமுறை அழுத்தினால் திறந்துவிடும். ஓட்டோ மியூட் என்று ஒன்று இருந்தால் அதையும் நிறுத்திப் பாருங்கள். ஹெட்போன் ஓட்டை தூசு பிடித்திருந்தால், ஹெட்போன் மாட்டியிருப்பதாக எண்ணி மெஷின் ஸ்பீக்கரை நிறுத்தி வைத்திருக்கும்.

3. "டம்மி அவுட்புட்" என்று மட்டும் காட்டினால் கார்டையே அது காணவில்லை. பயோஸுக்குள் போய் ஒன்போர்ட் ஓடியோ திறந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரே மெஷினில் விண்டோஸும் இருந்தால், விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்தி முழுமையாக ஷட்டவுன் செய்துவிட்டு மீண்டும் போடுங்கள். புதிய லெப்டொப்கள் சிலவற்றுக்கு எஸ்ஓஎஃப் என்ற ஃபர்ம்வெயார் வேண்டும். இணையத்தோடு இணைத்து முழு அப்டேட் செய்தால் பெரும்பாலும் அது வந்துவிடும்.

4. இவையெல்லாம் செய்தும் வராவிட்டால் போர்டிலுள்ள சில்லு உண்மையிலேயே போயிருக்கலாம். அப்போதும் மெஷினை எறிய வேண்டாம். சிறிய யூஎஸ்பி சவுண்ட் கார்ட் ஒன்றை வாங்கிச் செருகுங்கள். அநேகமானவை டிரைவர் எதுவும் இல்லாமலே லினக்ஸில் வேலை செய்யும்.

இன்னொன்று. மின்டை ஹார்ட் டிஸ்கில் போடுவதற்கு முன்பே பென்ட்ரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம். உள்ளேயிருக்கும் எதுவும் அழியாது. சத்தம் வருகிறதா என்று முதலில் பார்த்துவிட்டுப் பிறகு முடிவெடுங்கள்.

லினக்ஸில் சத்தம் கஷ்டம் என்ற பேச்சு முற்றிலும் பொய்யுமல்ல. 1990களில் பின்லாந்துக்காரரான ஹன்னு சவோலைனென் எழுதிய டிரைவர்களோடுதான் லினக்ஸ் பேசத் தொடங்கியது. அந்தக் காலத்தில் ஒரு மென்பொருள் கார்டைப் பிடித்துக்கொண்டால் அடுத்ததற்குச் சத்தம் கிடைக்காத நிலை இருந்தது. 1998இல் செக் நாட்டு யரோஸ்லாவ் கிசெலா அல்சாவைத் தொடங்கினார். பிறகு பல்ஸ்ஓடியோ வந்தது, இப்போது பைப்வயர் வந்திருக்கிறது. மின்ட் 22இல் இருப்பது பைப்வயர்தான். பதினைந்து வருடங்களுக்கு முன் பட்ட கஷ்டத்தை வைத்து இன்றைய லினக்ஸுக்குத் தீர்ப்புச் சொல்வது நியாயமல்ல. உங்கள் சட்டைப் பையிலுள்ள அண்ட்ரொய்ட் போனின் அடியிலும் லினக்ஸ் கேர்னல்தான் இருக்கிறது. அதில் சத்தம் வருவதும் அல்சா வழியாகத்தான். அதை யாரும் குறை சொல்வதில்லை.

இனி கிரெக் விடயம். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் மென்பொருளையும் பாதுகாக்கிறது. 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமியும் பதிப்புரிமை, கண்டுபிடிப்பு உரிமை போன்றவை மார்க்கத்தில் பாதுகாக்கப்பட்ட உரிமைகள், அவற்றில் அத்துமீறக் கூடாது என்று தீர்மானித்தது. உணவில் ஹலால் பார்க்கும் நாம், பள்ளிவாசல் கந்தூரிக் கணக்கையும் ஸகாத் பட்டியலையும் எழுதும் மெஷினில் எது ஓடுகிறது என்று ஏன் பார்ப்பதில்லை? வாங்கக் காசில்லை என்பது காரணமாக இருக்கலாம். ஆனால் இலவசமாக, உரிமையோடு கிடைக்கும் ஒன்று பக்கத்தில் இருக்கும்போது அந்தக் காரணம் நிற்காது. கிரெக்கோடு சேர்ந்து வைரஸ் வருவது வேறு.

இது எங்கோ வெளிநாட்டில் மட்டும் நடக்கும் வேலை என்றும் எண்ண வேண்டாம். 2004 டிசம்பர் 26 சுனாமி கல்குடா, பாசிக்குடாக் கரையையும் அடித்துக்கொண்டு போனது. அதற்குப் பிறகு காணாமல்போனோர், முகாம்கள், நிவாரணம் ஆகியவற்றைப் பதிய இலங்கைத் தொண்டர்கள் உருவாக்கியதுதான் சஹானா. அது திறந்த மூல மென்பொருள். 2005இல் பாகிஸ்தான் பூகம்பத்துக்கும் அது பயன்பட்டது. சமூக நலனுக்காகச் சுதந்திர மென்பொருள் அறக்கட்டளை வழங்கும் விருது 2006இல் அதற்குக் கிடைத்தது. பக்கத்துக் கேரளாவில் அரசுப் பாடசாலைகள் பல வருடங்களாக லினக்ஸில்தான் படிப்பிக்கின்றன. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

எல்லாவற்றையும் மாற்றுங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. ஸ்மார்ட் போர்டுக்கோ ஒரு குறிப்பிட்ட பிரின்டருக்கோ விண்டோஸ்தான் வேண்டுமென்றால், உரிமத்தோடு ஒரு மெஷினில் வைத்திருங்கள். பாமினி எழுத்துருவில் வினாத்தாள் அடிக்கும் ஆசிரியர்கள் அந்த எழுத்துருவை லினக்ஸிலும் நிறுவிக்கொள்ளலாம். பழகச் சில நாள் எடுக்கும், உண்மை.

எமது வேண்டுகோள் மூன்று.

பாடசாலை அபிவிருத்திச் சங்கங்கள் ஒரு மெஷினைக் கழிப்பதற்கு முன், பென்ட்ரைவில் லினக்ஸ் போட்டு ஒருமுறை ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

பழைய மாணவர் சங்கங்கள் புதிய மெஷின் வாங்க நிதி சேர்ப்பதற்கு முன், பழைய மெஷின்களுக்கு ரேமும் யூஎஸ்பி சவுண்ட் கார்டும் ஹெட்செட்டும் வாங்கிக் கொடுங்கள். ஒரு புதிய மெஷினின் காசில் பல பிள்ளைகள் கேட்பார்கள்.

கடைத் தம்பிமாரே, லினக்ஸ் போட்டுச் சத்தத்தையும் சரிசெய்து கொடுத்து அதற்கு நியாயமான கூலி எடுங்கள். அது ஹலாலான உழைப்பு. உயர்தரத் தொழில்நுட்பப் பிரிவுப் பிள்ளைகளையும் பக்கத்தில் வைத்துப் பழக்குங்கள்.

உங்கள் வீட்டிலோ பாடசாலையிலோ சத்தம் வராத லினக்ஸ் மெஷின் இருந்தால் மாடலையும், சவுண்ட் செட்டிங்கில் அவுட்புட்டில் என்ன காட்டுகிறது என்பதையும் கீழே எழுதுங்கள். தெரிந்தவர்கள் பதில் சொல்லுங்கள். இன்ஷா அல்லாஹ் ஒன்றொன்றாகப் பேச வைப்போம்.