நிறமும் பயனும்

உணவிலே ஒரு சத்து உண்டென்பதும், அச்சத்து உண்பவன் உடலிற் சேர்கின்றது என்பதும் ஒன்றல்ல. கரட்டுக்கும் பப்பாசிக்கும் பனம்பழத்துக்கும் நிறமூட்டும் கரோட்டீன்வகைப் பொருள்கள் இதற்குத் தக்க சான்றாகும்.

1831ஆம் ஆண்டில் ஜேர்மானியரான வாக்கென்ரோடர் கரட்டிலிருந்து கரோட்டீனைப் பிரித்தெடுத்தார். 1930இல் சூரிச் நகரப் பேராசிரியர் போல் கரர் அதன் அமைப்பை விளக்கினார். 1937இல் நோபெல் பரிசும் பெற்றார். பீற்றா கரோட்டீன் உடலில் விற்றமின் ஏ ஆக மாறி, மாலைக்கண் நோயைத் தடுக்க உதவுகின்றது. ஆயினும் அது நீரிற் கரையாது, கொழுப்பிலேயே கரையும். ஒளியாலும் வெப்பத்தாலும் ஒட்சிசனாலும் எளிதிற் சிதையும்.

இதற்கு உணவு விஞ்ஞானிகள் கண்ட பரிகாரம் பால்மமாகும். கரோட்டீனை எண்ணெயிற் கரைத்து, அவ்வெண்ணெயை நுண்ணிய துளிகளாக நீரிற் பரப்பி, ஒவ்வொரு துளியையும் பாற்புரதத்தாலோ வேலமரப் பிசினாலோ போர்த்துகின்றனர். இவ்வுயிர்ப் பல்பகுதியங்கள் உண்ணத் தக்கன. துளிகள் ஒன்றுகூடிப் பிரியாது காப்பன. துளி சிறிதாயின் குடலில் எண்ணெய் விரைவிற் சமிபாடடையும். கரோட்டீனும் நன்கு உறிஞ்சப்படும். ஆனால், துளிகள் சிறுக்கச் சிறுக்க அவற்றின் மொத்த மேற்பரப்புப் பெருகுதலின், ஒட்சியேற்றமும் விரையக்கூடும். காத்தலையும் கொடுத்தலையும் சமன்செய்வதே இக்கலையின் அருமை.

தேங்காய்ப்பாலும் ஒரு பால்மமே. அதன் எண்ணெய்த் துளிகளைத் தேங்காயின் புரதமே சூழ்ந்து நிற்கின்றது. கீரையைத் தேங்காய்ப்பாலிட்டுக் கடைந்த எம் அன்னையர், கரோட்டீனையும் அதற்கு வேண்டிய கொழுப்பையும் ஒருங்கே ஊட்டினர்.

புட்டியில் அடைத்த பானத்தின் செம்மஞ்சள் நிறத்தைக் கண்டு அதன் பயனை அளத்தல் தகாது. உடல் எவ்வளவு பெறுகின்றது என்பதே உரைகல்லாதல் வேண்டும். மிகுதியும் நன்றன்று: பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆடவர்க்கு நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் பீற்றா கரோட்டீன் மாத்திரையாகக் கொடுத்தபோது, நுரையீரற் புற்றுநோய் குறையாது கூடியதென 1994இல் வெளியான ஆய்வு காட்டிற்று.

எனவே, இத்துறையை விலைக்கு வாங்கும் பண்டமாக மட்டும் கருதாது, எம் மாணவர் தம் ஆய்வுக்குரிய பொருளாகக் கொள்ளல் வேண்டும். வெயிலில் உலரும் பனாட்டில் எவ்வளவு கரோட்டீன் எஞ்சுகின்றது? நிழலில் உலர்த்தினால் எவ்வளவு? தேங்காய்ப்பாலிற் கலந்த பனங்களி எத்தனை நாள் நிறங்கெடாது நிற்கும்? இவை எம் ஆய்வுகூடங்களில் எழவேண்டிய வினாக்கள். எம் மண்ணின் விளைபொருளை எம்மவரே அளந்தறிதல் கல்விக்கும் அழகு. எம் சிறார் கண்ணொளிக்கும் காவல் என்பது எமது துணிபு.