வயசைக் கேளுங்கள், சுவரில் நிறுத்தி அளக்காதீர்கள்!

முழுப் பரீட்சை முடிந்து லீவு விட்டாச்சு என்றால் எல்லா வீட்டிலும் ஒரே பாட்டுதான். "தீம் பார்க் எப்பம்மா கூட்டிட்டுப் போவே?" நம் காலத்தில் லீவு என்றால் பாட்டி வீடு, மாமா வீடு, மிஞ்சிப் போனால் ஒரு பொருட்காட்சி. இப்போது பக்கத்து வீட்டுப் பையன் போய் வந்து கதை சொன்னால் போதும், நம் பிள்ளைகள் பிடிவாதத்தை ஆரம்பித்து விடும். சென்னைக்காரர்களுக்கு கிழக்குக் கடற்கரைச் சாலையில் வி.ஜி.பி., எம்.ஜி.எம்., 2025 டிசம்பரிலிருந்து திருப்போரூர் பக்கம் வொண்டர்லா. கோவைக்காரர்களுக்கு மேட்டுப்பாளையத்தில் பிளாக் தண்டர். மதுரைக்காரர்களுக்கு அதிசயம். பிள்ளைகள் தண்ணீரில் குதித்துக் கூத்தடிப்பதைப் பார்க்க எனக்கும் ஆசைதான். ஆனால் டிக்கெட் கவுண்டரிலும் சாப்பாட்டுக் கூப்பனிலும் நடப்பதைப் பற்றி, வீட்டுக் கணக்குப் பார்க்கிற பெண்கள் நாம் வாய் திறந்து பேசியே ஆக வேண்டும் என்பது என் கருத்து.

பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் என்ன கேட்கிறார்? "பிள்ளைக்கு எத்தனை வயசும்மா?" 2022-லிருந்து நம் அரசு பஸ்களில் 5 வயது வரை டிக்கெட் கிடையாது, அதற்கு மேல் 12 வயது வரை அரை டிக்கெட். ரயிலிலும் 5 முதல் 12 வயதுக்குள் அரைக் கட்டணம். தனி பெர்த் வேண்டும் என்றால்தான் முழுக் கட்டணம்; அது 2016-ல் வந்த மாற்றம். சரி, பெர்த் கொடுக்கிறான், காசு வாங்குகிறான், புரிகிறது. ஆனால் தீம் பார்க்குகளில் பெரும்பாலும் வயசு என்ற பேச்சே இல்லை. சுவரில் கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். வொண்டர்லாவில் 85 செ.மீ.க்குக் கீழே இலவசம், 140 செ.மீ. வரை குழந்தைக் கட்டணம், அதற்கு மேல் பெரியவர் கட்டணம். வேறு இடங்களில் கோடு கொஞ்சம் மேலே கீழே இருக்கும், முறை ஒன்றுதான்.

உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி பத்து வயதுப் பிள்ளையின் சராசரி உயரம் சுமார் 138 செ.மீ. அப்படியானால் சராசரியைவிடக் கொஞ்சம் நெடுநெடுவென்று வளர்ந்த பிள்ளை நாலாம் வகுப்பு, ஐந்தாம் வகுப்பு படிக்கும்போதே பெரியவர் ஆகி விடுகிறது! இதில் இன்னொரு விஷயத்தை யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. பெண் குழந்தைகள் பத்து, பதினொன்றில் விறுவிறுவென வளர்வார்கள். ஆண் பிள்ளைகளுக்கு அந்த வளர்த்தி ஒன்றிரண்டு வருஷம் கழித்துத்தான் வரும். அதனால் ஒரே வயதுள்ள அண்ணன் தங்கைகளை வரிசையில் நிறுத்தினால் கோட்டைத் தாண்டுவது பெரும்பாலும் பெண்தான். பெண் பிள்ளைக்குச் சீக்கிரம் முழு டிக்கெட் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் நடப்பது அதுதான்.

போன வருஷ லீவில் நாங்கள் சென்னையில் என் நாத்தனார் வீட்டுக்குப் போயிருந்தோம். இரண்டு குடும்பமும் என் மாமியாரும் சேர்ந்து ஒன்பது பேர் ஒரு பூங்காவுக்குக் கிளம்பினோம். (பெயர் வேண்டாம்.) என் மகனுக்கு 11 வயது, ஒல்லிக்குச்சி, கோட்டுக்குக் கீழே நின்றான், குழந்தை டிக்கெட். நாத்தனார் மகளுக்கு 10 வயதுதான். அப்பா வழியில் எல்லோருமே நல்ல உயரம். கோட்டுக்கு மேலே இரண்டு விரல்கடை போய் விட்டாள். சின்னவளுக்கு முழு டிக்கெட், பெரியவனுக்குக் குழந்தை டிக்கெட்! பணம் போனது கூடப் பெரிதில்லை. "இது பெரிய ஆள், முழு டிக்கெட் போடு" என்று கவுண்டரில் இருந்தவர் சத்தமாகச் சொல்ல, வரிசையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பெண் முகம் சுண்டிப் போய் விட்டது. உள்ளே போன பிறகும் என் பக்கத்தில் வந்து, "அத்தை, நான் ரொம்ப வளந்துட்டேனா?" என்று மெல்லக் கேட்டாள். அந்த வயசுப் பெண் குழந்தைக்குத் தன் உடம்பைப் பற்றி எத்தனை கூச்சம் இருக்கும் என்று தாய்மார்களுக்குத்தான் தெரியும்.

எங்களுக்குப் பின்னால் ஓர் அம்மா தன் பையன் காதில், "லேசா முட்டியை மடக்கிக்கடா" என்று சொல்லிக் கொண்டிருந்தார். காவலாளி வந்து பையனின் தோளைப் பிடித்து நிமிர்த்தினார். எல்லோரும் சிரித்தார்கள். அந்தத் தாயைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. மாசச் சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் பிள்ளையின் ஆசைக்காக வந்தவர். ஆனால் உண்மை பேசு என்று தினமும் சொல்லி வளர்க்கிற பிள்ளைக்கு, பெற்றவளே திருட்டுத்தனம் சொல்லிக் கொடுக்க வேண்டிய நிலைமையை அந்தக் கோடு உண்டாக்கி விடுகிறதே!

என் கணவர் வேறு கட்சி. "வயசுன்னா எல்லாரும் பொய் சொல்லுவாங்க, ஸ்கேல் பொய் சொல்லுமா?" என்கிறார். ஒரு காலத்தில் அது நியாயமாக இருந்திருக்கலாம். இன்று பால்குடி மறக்காத குழந்தைக்கும் ஆதார் அட்டை இருக்கிறது. பள்ளிக்கூட அடையாள அட்டை இருக்கிறது. கோட்டுக்கு மேலே போன பிள்ளையின் அட்டையை மட்டும் பார்த்தால் எவ்வளவு நேரம் ஆகிவிடும்? 12 வயதுக்குள் இருந்தாலோ, அல்லது உயரம் குறைவாக இருந்தாலோ, இரண்டில் எது இருந்தாலும் குழந்தைக் கட்டணம் என்று வைத்தால் யாருக்கும் மனக்கசப்பு வராது.

ராட்டினத்துக்கு உயரம் பார்ப்பது வேறு விஷயம். அதில் நான் குறுக்கே பேச மாட்டேன். இடுப்பிலும் தோளிலும் மாட்டுகிற கம்பி சின்ன உடம்பில் சரியாகப் பிடிக்காது. அங்கே கண்டிப்பாக அளக்கத்தான் வேண்டும். வெளிநாட்டில் இப்படித்தான் பிரித்து வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஃபுளோரிடாவில் இருக்கும் என் அண்ணன் மகள் விவரமாகச் சொன்னாள். 1971-ல் திறந்த வால்ட் டிஸ்னி வேர்ல்டில் 3 வயதுக்குள் இலவசம், 3 முதல் 9 வரை குழந்தை டிக்கெட், 10 ஆனால் பெரியவர். உயரம் பார்ப்பது ராட்டின வாசலில் மட்டும். சாப்பாடும் கையோடு கொண்டு போகலாம். கண்ணாடிப் பாத்திரமும் மதுவும்தான் கூடாது. கவுண்டர்களில் ஐஸ் தண்ணீர் கேட்டால் இலவசமாகவே கொடுப்பார்களாம். அங்கேயும் எல்லாம் சொர்க்கம் இல்லை. குழந்தை டிக்கெட் பெரியவர் டிக்கெட்டைவிடக் கொஞ்சம்தான் குறைவு. ஓட்டலோடு சேர்த்து வாங்குகிற சாப்பாட்டுத் திட்டத்தில் 10 வயதுப் பிள்ளையும் பெரியவர் கணக்குதான். "நாலு வாய் சாப்பிடறதுக்கு முழுக் காசு கட்டறேன் சித்தி" என்று அவளும் புலம்பத்தான் செய்கிறாள். சரி, அங்கே உள்ள தாய்மார்களின் வழக்கு அது. நம் வழக்குக்கு வருகிறேன்.

சாப்பாடு! டிக்கெட்டைவிட எனக்கு ஆத்திரம் இதில்தான். பத்து பேருக்குக் கட்டுச்சோறு கட்டுவது நமக்கு என்ன புதுசா? மேல்மருவத்தூர் போனாலும் ஏற்காடு போனாலும் புளியோதரை, தயிர்சாதம், உருளைக்கிழங்கு வறுவல், மோர்மிளகாய் என்று தூக்குவாளியில் கட்டிக் கொண்டு போகிறவர்கள்தானே நாம். குழைந்த சாதம் ஆறியதும் நிறையப் பாலை ஊற்றி ஒரே ஒரு கரண்டி தயிர் விட்டுப் பிசைந்தால் மத்தியானம் திறக்கும்போது புளிக்காமல் பதமாக இருக்கும். ஆனால் தீம் பார்க் வாசலில் பையைத் திறந்து பார்த்து எல்லாவற்றையும் வெளியே வைக்கச் சொல்லி விடுகிறார்கள். வெளியே போய்ச் சாப்பிட்டு வரலாம் என்றால், பல இடங்களில் ஒருமுறை வெளியே போனால் திரும்ப விட மாட்டார்கள்.

அன்று நாத்தனாரின் ஒன்றரை வயதுக் குழந்தைக்குக் கேழ்வரகுக் கூழும், சர்க்கரை வியாதிக்காரரான என் மாமியாருக்கு இரண்டு சப்பாத்தியும் மட்டும் உள்ளே கொண்டு போக நாங்கள் கால் மணி நேரம் வாதாட வேண்டியிருந்தது. பையைச் சோதித்த பெண்ணைத் திட்டிப் பயனில்லை. அவளும் சம்பளத்துக்கு நிற்கிறவள். கடைசியில் கூழை விட்டார்கள், சப்பாத்தியை விடவில்லை. மாத்திரை போட்டுக் கொண்டவர் நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் மயக்கம் வரும் என்பது யாருக்குத் தெரியாது? உள்ளே போய் வரிசையில் நின்று வாங்கிக் கொடுப்பதற்குள் என் வயிற்றில் புளியைக் கரைத்தது.

சாப்பாட்டுக் கூப்பன் கதை இன்னும் வேடிக்கை. டிக்கெட்டும் மத்தியானச் சாப்பாடும் சேர்த்து வாங்கினால் லாபம் என்று போட்டிருந்தார்கள். குழந்தை டிக்கெட்டோடும் அதே பஃபே. என் மகளுக்கு 5 வயது. ஏழெட்டு அயிட்டம் அடுக்கி வைத்திருந்ததில் அவள் சாப்பிட்டது ஒரு பூரி, கொஞ்சம் தயிர்சாதம், ஒரு குலாப் ஜாமூன். தண்ணீரில் ஆடிய பிள்ளைகளுக்குப் பதினோரு மணிக்கே அகோரப் பசி வந்து விடும்; பஃபே திறப்பதோ பன்னிரண்டரைக்கு. அதற்குள் பாப்கார்ன், சிப்ஸ், ஜூஸ் என்று நம் பணம் கரைந்து விடுகிறது. வயிறு முட்டச் சாப்பிட்டு உடனே சுற்றுகிற ராட்டினத்தில் ஏறினால் வாந்தி வேறு. ஆக, பசிக்கிறபோது சாப்பாடு இல்லை. சாப்பாடு வரும்போது பசி இல்லை. இரண்டு இட்லி, ஒரு கிண்ணம் தயிர்சாதம், ஒரு வாழைப்பழம் என்று சின்னத் தட்டு ஒன்றை பத்தரை மணியிலிருந்தே நியாய விலைக்கு வைத்தால் எத்தனை தாய்மார்கள் வாழ்த்துவார்கள்!

"தனியார் இடம், அவங்க சட்டம்" என்று சிலர் சொல்வார்கள். 2023 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் சினிமா தியேட்டர்கள் பற்றி ஒரு தீர்ப்புச் சொன்னது. வெளிச் சாப்பாட்டைத் தடுக்கத் தியேட்டர்காரர்களுக்கு உரிமை உண்டு என்றுதான் சொன்னது. ஆனால் அதிலேயே, சுத்தமான குடிநீர் இலவசமாகக் கிடைப்பதையும், கைக்குழந்தையோடு வருகிற பெற்றோர் குழந்தைக்குத் தேவையான அளவு உணவு கொண்டு வரலாம் என்பதையும் குறிப்பிட்டிருந்தது. மூன்று மணி நேர சினிமாவுக்கே அப்படி என்றால், காலை பத்திலிருந்து மாலை ஆறு வரை வெயிலில் பிள்ளைகளோடு இருக்கிற இடத்தில் அந்த அளவு தாராளம் கூட வேண்டாமா? கைக்குழந்தைக்கும், வியாதிக்காரருக்கும் கொண்டு வருகிற சாப்பாட்டை விடுவோம் என்று டிக்கெட்டிலேயே தமிழில் அச்சடித்து விட்டால் வாசலில் தகராறுக்கே இடம் இல்லை.

இன்னொன்றும் கேட்கிறேன். அன்று முழுக்க நானும் மாமியாரும் எந்த ராட்டினத்திலும் ஏறவில்லை. சேலையோடு தண்ணீரில் இறங்கக் கூடாது, நைலான் உடைதான் போட வேண்டும் என்கிறார்கள். அதுவும் சரியான விதிதான். ஆனால் செருப்பு, துண்டு, பர்ஸ், செல்போன், கைக்குழந்தை எல்லாவற்றையும் காத்துக் கொண்டு வேப்ப மரத்தடியில் உட்கார்ந்திருந்ததற்கு நான் கொடுத்தது முழு டிக்கெட். மாமியாருக்கு மூத்தவர் சலுகையாவது கிடைத்தது. ஒவ்வொரு குடும்பத்திலும் இப்படி ஒரு பை காக்கிற பெண் இருக்கத்தான் செய்கிறாள். துணைக்கு வருகிறவர்களுக்கு ராட்டினம் இல்லாமல் குறைந்த கட்டணத்தில் ஒரு டிக்கெட் போட்டால் என்ன குறைந்து விடும்?

இந்த வருஷம் போகப் போகிற சகோதரிகளுக்கு ஒன்று. கிளம்புவதற்கு முந்தின நாள் வீட்டுச் சுவரிலேயே செருப்பில்லாமல் நிறுத்திப் பிள்ளைகளை அளந்து விடுங்கள். நீங்கள் போகும் பூங்காவின் கோடு எது என்று போனில் கேட்டுக் கொள்ளுங்கள். கோட்டுக்குக் கிட்டத்தில் இருக்கிற பிள்ளைக்கு வாசலில் என்ன சொல்வார்கள் என்பதை வீட்டிலேயே சிரித்துப் பேசித் தயார் செய்து விட்டால் பிள்ளைக்கு அங்கே அவமானமாக இருக்காது. காலை டிபனைப் பொங்கல், இட்லி என்று வயிறு நிறையக் கொடுத்து விட்டு, சின்னப் பிள்ளைகளுக்குக் கூப்பன் வாங்காமல் போங்கள். பெரியவர்கள் வாங்குகிறதில் பாதி எப்படியும் வீணாகிறது, தட்டைப் பகிர விடுவார்களா என்று மட்டும் முன்பே கேட்டு விடுங்கள். பள்ளிக்கூடத்தில் சுற்றுலா அழைத்துப் போகிறார்கள் என்றால் பெற்றோர் கூட்டத்தில் எழுந்து, சாப்பாடு எத்தனை மணிக்கு, தண்ணீர் யார் தருவது என்று கேளுங்கள். "உங்களுக்கு மட்டும்தான் சந்தேகம்" என்பார்கள், பரவாயில்லை.

நாங்கள் போன பூங்காவின் அலுவலகத்துக்கு இதையெல்லாம் எழுதித் தபாலில் போட்டிருக்கிறேன். நாத்தனாரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார். பதில் வந்தால் இதே பகுதிக்கு எழுதுகிறேன்.

- ஒரு வாசகி, திருச்சி.