100 கிராம் பருப்பில் கரையும் கூலிப் பணம்!
ஏழைக்குத்தான் மளிகை விலை அதிகம்

சென்னை:
கையில் காசு குறைவாக வைத்திருப்பவர்தான் கிலோவுக்கு அதிக விலை கொடுக்கிறார். கேட்க வேடிக்கையாக இருக்கும். ஆனால் மாலை 7 மணிக்கு ஏதாவது ஒரு தெருவில் அண்ணாச்சி கடை முன்னால் நின்று பார்த்தால் விஷயம் புரிந்துவிடும்.

அன்றாடக் கூலி வாங்கி வருகிறவர் 100 கிராம் துவரம்பருப்பு, 10 ரூபாய்க்கு எண்ணெய், 5 ரூபாய்க்கு மிளகாய்த்தூள் என்று கேட்கிறார். மாதச் சம்பளக்காரர் கிலோ கணக்கில் வாங்கிப் போகிறார்.

17 முட்டை போச்சு!

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. துவரம்பருப்பு கிலோ 160 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதே பருப்பு 100 கிராம் பொட்டலம் 20 ரூபாய் என்றால், கிலோ 200 ரூபாய் ஆகிறது. மாதம் 3 கிலோ செலவாகும் வீட்டுக்கு 120 ரூபாய் நஷ்டம். முட்டை 7 ரூபாய் என்றாலும் 17 முட்டை போச்சு! பிள்ளைகள் தட்டில் விழ வேண்டிய முட்டை அது.

கடைக்காரரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. பொட்டலம் கட்டும் கூலி, சிந்தும் சேதாரம், நோட்டில் ஏறி நிற்கும் பாக்கி எல்லாம் அவர் தலையில். பாக்கி வைத்தவரோ வேறு கடைக்குப் போய் விலை கேட்க முடியாது. மாட்டிக்கொள்வது இங்கேதான்.

ரேஷன் போதுமா?

அரிசி கார்டுக்கு 2011 ஜூன் முதல் அரிசி இலவசம். துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். வெளிக்கடை விலையைப் பார்த்தால் இது பெரிய உதவி. ஆனால் பருப்பு கார்டுக்கு மாதம் ஒரே ஒரு கிலோ. 5 பேர் உள்ள வீட்டுக்கு அது எத்தனை நாள் வரும்? வயிறு அரிசியால் நிரம்புகிறது. உடம்புக்கு வேண்டிய சத்து நிரம்பவில்லை.

ரேஷனில் வாங்காத சரக்குக்கு 'வாங்கியதாக' எஸ்.எம்.எஸ். வந்தால் சும்மா இருக்க வேண்டாம். 1967-க்கு போன் செய்யலாம்.

என்ன வழி?

* நிலக்கடலை 100 கிராமில் புரதம் சுமார் 25 கிராம். துவரம்பருப்பில் 22 கிராம்தான். கடலைச் சட்னியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள்.

* முருங்கைக்கீரையில் சுண்ணாம்புச் சத்தும் இரும்புச் சத்தும் உண்டு. அக்கம்பக்கத்தில் மரம் இருந்தால் காசே வேண்டாம்.

* மத்தி மீன் மலிவு, சத்து ஜாஸ்தி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடை. அப்போது மீன் விலை ஏறும், முட்டைக்கு மாறலாம்.

* 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. சென்னையில் 82 ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்றார்கள். அந்த மாதிரி நேரத்தில் புளியை வைத்துச் சமாளிப்பதே புத்திசாலித்தனம்.

* எலெக்ட்ரானிக் தராசில் சரக்கு வைக்கும் முன் பூஜ்யம் காட்டுகிறதா என்று பாருங்கள்.

கூட்டாக வாங்கலாம்

ஒரே காம்பவுண்டில் குடியிருக்கும் 4 குடும்பம் சேர்ந்து சீட்டு போடுகிறோமே, அதே மாதிரி பருப்புக்கும் பணம் சேர்க்கலாம். வாரம் ஒரு நாள் மொத்தமாக வாங்கிப் பங்கு பிரித்தால் பொட்டல விலை மிச்சம். காய்கறியை மட்டும் அளவாக வாங்குங்கள். அழுகினால் லாபம் போச்சு.

அரசாங்கமும் ஒன்று செய்யலாம். பெரிய குடும்பத்துக்கு ரேஷனில் இரண்டாவது கிலோ பருப்பு! விலை கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் ஜனங்கள் வாங்குவார்கள். 100 கிராம் பொட்டலத்துக்குக் கொடுக்கும் விலையைவிட அது குறைவாகத்தானே இருக்கும்?